வெளிர் ரோஸ் சுவர்: மூன்று கோடை தாண்டிய பிறகு

பெயிண்ட் கடை ஷேட் கார்டில் பிளஷ் பிங்க் (வெளிர் ரோஸ்) சாயலில் பத்துப் பதினைந்து கட்டங்கள் இருக்கும். கடையில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சுவரில் ஏறி மூன்று கோடை போனபின் பார்த்தால் வித்தியாசம் கண்ணை அறையும். காவி கலந்த ரோஸ் அப்படியே நிற்கும், பளிச் ரோஸ் சோகை பிடித்துப்போகும்.

காவி என்பது இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கும் சரி, சிமென்ட் பூச்சின் காரத்துக்கும் சரி, அசையாது. பளிச் ரோஸுக்குச் சேர்க்கும் ஆர்கானிக் சிவப்பில் (கார்பன் சேர்மத்தால் ஆன நிறமி) பல வகைகள் அடர் நிறத்தில் தாங்கும். ஆனால் வெள்ளை பேஸில் (நிறம் கலக்கும் முன் உள்ள பெயிண்டில்) சில சொட்டாகக் கரைத்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். வெயில் விழும் சுவரில் மாட்டிய காலண்டரைக் கழற்றினால் அடியில் பழைய நிறம் கட்டம் கட்டியதுபோல இருப்பது இதனால்தான். கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் திரையில் ஃபார்முலா தெரியும். "அண்ணே, ரெட் ஆக்சைடும் எல்லோ ஆக்சைடும் வர்ற ஷேடா பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டால் போதும்.

கார்டில் பிடித்த கட்டத்துக்கு ஒரு படி வெளிறியதை எடுப்பது நல்லது. நான்கு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று நிறத்தை வீசுவதால் அறைக்குள் ரோஸ் கூடித்தான் தெரியும். ரெட் ஆக்சைடு தரையுள்ள பழைய வீடென்றால் இரண்டு படி. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அடர்ந்து நின்றால் கதை தலைகீழ்: இலைப்பச்சை ரோஸைத் தின்று சாம்பலாக்கிவிடும்.

பல்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும் 6500 கெல்வின் (நீலம் ஓடிய வெள்ளை வெளிச்சம்) எல்.இ.டி. டியூப் இந்த நிறத்துக்கு ஆகாது. இரவில் சுவர் லேசாக ஊதா ஓடும். 3000 கெல்வினில் பீச் பழ நிறத்துக்குப் போகும். 4000 நடுவாந்திரம். சாம்பிள் பெயிண்டை 2 அடிக்கு 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், விளக்கு போட்ட பின் என்று மூன்று வேளையும் சுவர் சுவராக வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பழைய சுவர் மேலேயே அடித்துப் பார்த்தால் பக்கத்தில் உள்ள பச்சையோ நீலமோ கண்ணை ஏமாற்றும். தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் நீலம் கலந்த ரோஸ் ஒட்டவே ஒட்டாது.

புதுப்பூச்சு 28 நாளாவது ஆறியிருக்க வேண்டும். பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் இருந்தால் முதலில் கசிவை அடைக்கணும். உப்பு பூத்த சுவரில் எந்த நிறமும் நிற்காது, ரோஸில் அது தேமலாகத் தெரியும். பட்டி இரண்டு கை, உப்புத்தாள் தேய்ப்பு, தூசி துடைத்து ஒரு கோட் பிரைமர். பட்டி ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் பிரைமரை விட்டுவிட்டால் அந்த இடம் பெயிண்டை உறிஞ்சித் திட்டாகும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எல்லாம் அம்பலம்.

10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி; கதவு, ஜன்னல் போக 400. டின்னில் போட்டிருக்கும் பரப்பளவு மழமழப்பான சுவருக்கானது. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60-70 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 6 முதல் 7 லிட்டர். 4 லிட்டர் டின் இரண்டை ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்கி, வீட்டில் பெரிய பக்கெட்டில் ஒன்றாக்கிவிடலாம். வெளிர் நிறத்தில் அரைச் சொட்டு வித்தியாசமும் சுவர் நடுவில் கோடாக நிற்கும்.

தண்ணீரைப் பெயிண்டர் கண்ணளவில் ஊற்ற விடக்கூடாது. டின்னில் சொன்ன அளவை மக்கில் அளந்து, இரண்டு கோட்டுக்கும் ஒரே அளவு. சித்திரை வெயிலில் ஓரம் பிரஷ் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனால் அது காய்ந்து, ரோலர் ஓட்டிய பின் சுவரைச் சுற்றி ஃபிரேம் போட்டதுபோலத் தெரியும். ஒரு சுவரை எடுத்தால் ஓரமும் நடுவும் ஈரத்தோடு சேர்ந்து முடியணும். ஃபேன் ஓடக்கூடாது. கோட்டுக்கு நடுவே 4 மணி நேரம்.

இந்த நிறத்தின் பெரிய எதிரி தேங்காய் எண்ணெய். கட்டில் தலைமாட்டில் தலை சாயும் உயரத்தில் ஆறே மாதத்தில் பழுப்பு வட்டம் விழுந்துவிடும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் அதைத் தேய்த்தால் கறை போய்ப் பளபளப்பு வரும், அதுவும் ஒரு கறைதான். படுக்கையறைக்கும் ஸ்விட்ச் போர்டு உள்ள சுவருக்கும் லேசான பளபளப்புள்ள சாஃப்ட் ஷீன், மேடுபள்ளமான சுவருக்கு மட்டும் மேட் என்பதே சரி. கொசுவர்த்திப் புகையும் விளக்குக் கரியும் கூட இதில் மறையாது. பூஜை மாடத்துக்குள் டைல்ஸ் ஒட்டிவிடலாம்.

கறைக்கு மேல் திட்டாக டச்சப் செய்தால் ஒட்டுப்போட்ட சட்டைதான். மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரும் ரோலரில் ஓட்டணும். அதற்காகத் தண்ணீர் கலக்காமல் ஒரு லிட்டரை எடுத்து வைத்து, மூடியில் ஷேட் எண், பேஸ், தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதி வைக்கவும்.