ஹட்டன் புத்தகக் கடையில் கண்ணகியும் மணிமேகலையும்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு காப்பியங்களும் உரையோடு கிடைக்கின்றன. சிலப்பதிகாரத்துக்குப் புதியவர்கள் 20ஆவதான வழக்குரை காதையை முதலில் திறக்கலாம். கண்ணகியின் கோபத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அவள் வழக்காடும் ஒழுங்கு அதைவிடப் பெரிது. தன் சிலம்பின் பரல், அதாவது உள்ளே ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாள். அரசன் தங்களுடையது முத்து என்கிறான். அதன்பிறகே உடைக்கிறாள். எவ்வளவு தெளிந்த பெண்!

மணிமேகலையில் 19ஆம் காதையைத் தவறவிடாதீர்கள்: அமுதசுரபியால் கைதிகளின் பசியாற்றி, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கச் சொல்லி அரசனிடம் கேட்கிறாள்.

சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதவுரை உள்ள பதிப்பையே கேளுங்கள். மொத்தக் கருத்தைச் சொல்லும் பொழிப்புரை மட்டும் இருந்தால் பழஞ்சொற்களில் சிக்கிக்கொள்வீர்கள். முதுகுப் பக்கம் தையல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் பசைக்கட்டு, மலையக ஈரத்தில் இளகித் தாள் கழன்றுவிடும்.