பல வருடம் நின்றுபோன மாஸ்டா எம்எக்ஸ்-5: திரும்ப ஓட வைக்கத் தோதான கார்தானா?

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 1989-இல் வந்தது, 1997 வரை தயாரானது. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். வளைவில் அது எப்படித் திரும்பும் என்பதைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. இன்று இதை வாங்குகிறவரின் கவலை வேறு. பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது காராக இருந்த வண்டி என்பதால், ஷெட்டில் ஐந்து, பத்து வருடம் உறை போட்டுக் கிடந்தவையும் விலைக்கு வருகின்றன. சாவியைத் திருகினால் இன்ஜின் பிழைக்குமா, பாழாகுமா? அந்த ஒரு கோணத்தில் மட்டும் எடைபோட்டால், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு பொறுமைசாலி அபூர்வம்.

முதல் காரணம் இன்ஜினின் அமைப்பு. 1.6 லிட்டரானாலும் பின்னால் வந்த 1.8 ஆனாலும், வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. போர்ஷே 944-இல் அதே பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். ஃபெராரி 348-இல் பெல்ட் மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். இங்கே பழைய பெல்ட்டோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இன்ஜின் தேறும் என்று தெரிந்த பிறகு பெல்ட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் செலவு செய்யலாம். பெல்ட்டில் வெடிப்போ எண்ணெய் ஊறலோ தெரிந்தால் மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது காரணம்தான் உண்மையில் பெரியது: தீப்பொறி, பெட்ரோல், ஆயில் மூன்றையும் இதில் தனித்தனியாகச் சோதிக்க முடியும். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் (வால்வைத் திறக்கும் கேம் தண்டின் நிலையை அறியும் கருவி) வயர் இணைப்பைக் கழற்றினால் தீப்பொறியும் கிடையாது, இன்ஜெக்டரும் பெட்ரோல் தெளிக்காது. பானட்டுக்குள் 'டயக்னோசிஸ்' என்று எழுதிய கறுப்புப் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளை ஒரு சின்ன வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் பெட்ரோல் பம்பு மட்டும் ஓடும். 1.6-இல் இது ரொம்பவே அவசியம். செல்ஃபை விட்ட பிறகு, உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரின் மடல் காற்றிழுப்பில் திறந்திருந்தால்தான் அதில் பம்புக்குக் கரன்ட் தொடர்ந்து போகும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த மடல் ஒட்டிக் கிடப்பதுண்டு. ஏர்ஃபில்டர் பெட்டியில் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வேலையை ஸ்பார்க் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். இரண்டு கேம்களுக்கும் நடுவே ஆழமான குழிகளில் நான்கு பிளக்குகள் உட்கார்ந்திருக்கும். கழற்றுவதற்கு முன் குழியைக் காற்றடித்து ஊதாவிட்டால் அங்கே தேங்கிய மண்ணும் துருவும் நேராக சிலிண்டருக்குள் விழும். பிறகு ஒவ்வொரு துளையிலும் 5 முதல் 10 மில்லி இன்ஜின் ஆயில், ஊசி போடும் சிரிஞ்சால். ஓர் இரவு ஊறட்டும். பாதுகாப்புக்கென்று அரைக் கோப்பை ஊற்றினால், பிளக்கை மாட்டிச் செல்ஃப் அடிக்கும்போது அமுங்காத திரவம் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

மறுநாள் நியூட்ரலில் போட்டு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) புல்லியின் போல்ட்டில் 21 மி.மீ. சாக்கெட் வைத்துக் கையால் திருப்புங்கள். முன்னிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக, முழுதாக இரண்டு சுற்று. இங்கேதான் இந்த இன்ஜினின் ஒரே பெரிய பலவீனம் இருக்கிறது. ஆரம்பகால 1.6-களில் கிராங்கின் முனை குட்டையானது. போல்ட் தளர்ந்தோ தவறாக முறுக்கப்பட்டோ இருந்தால் புல்லியைப் பிடித்து நிறுத்தும் சாவிக்காடி தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும், கிராங்கே வீணாகும். அடையாளம் சுலபம்: புல்லியில் நான்கு வெட்டுகள் தெரிந்தால் குட்டை முனை, எட்டு தெரிந்தால் நீளமானது. நான்கு என்றால் இறுகிய இன்ஜினை நீண்ட கம்பி போட்டு நெம்பக் கூடாது. இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டுக் காத்திருங்கள், அல்லது ஐந்தாம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள்.

கையால் சுழல்கிறதா? பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றிப் புது 10டபிள்யூ-30 விடுங்கள். 1.6-க்கு மூன்றரை லிட்டர் அளவில் பிடிக்கும், டிப்ஸ்டிக் சொல்வதே முடிவு. பழைய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும், 'ஓட்டிவிட்டு அப்புறம் மாற்றலாம்' என்பது தவறான சிக்கனம். கேம்களின் மேல் ஆயில் துளிகூட இராது என்பதால் ஆயில் ஊற்றும் வாய் வழியாகக் கொஞ்சம் மேலே தடவி விடுவதும் நல்லது.

இப்போது பிளக்குகள் வெளியே, கேம் சென்சார் கழன்றபடியே. பத்து விநாடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு. பிளக் இல்லாததால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது) இல்லை, பேரிங்குகளுக்குச் சுமை இல்லாமலே ஆயில் ஏறும். 1994 மாடல் வரை டேஷில் உண்மையான ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கிறது, முள் எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் பிறகு வந்ததில் முள் இருக்கும், ஆனால் அது வெறும் ஸ்விட்சுக்கு ஆடும் பொம்மை. கம்பெனி செய்த நல்ல காரியம் என்று சொல்ல முடியாது. முள் எழுந்ததும் கம்ப்ரெஷன் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 28 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் உடனே தலையில் கை வைக்க வேண்டாம். ஒட்டிய பிஸ்டன் ரிங் சூட்டில் விட்டுக்கொடுக்கும்.

பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தால் டாங்கைக் காலி செய்து, காருக்கு அடியில் பின் சக்கரத்தருகே இருக்கும் ஃபில்டரை மாற்றிப் புதுப் பெட்ரோல் 10 லிட்டர் ஊற்றுங்கள். சென்சார் கழன்றிருக்கும்போதே எஃப்/பி வயரைப் போட்டு இரண்டு நிமிடம் பம்பு ஓட்டி, இன்ஜெக்டர் அடிப்பகுதியிலும் ரப்பர் குழாய் மூட்டுகளிலும் விரல் வைத்துப் பாருங்கள். காய்ந்த குழாய் பிரஷர் ஏறிய பிறகுதான் கசியும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புது பிளக் பிகேஆர்5இ-11, இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ., முறுக்கு 15 முதல் 23 நியூட்டன் மீட்டர். சென்சாரை மாட்டி ஸ்டார்ட் செய்தால், ஊற்றிய ஆயில் எரியும் நீலப்புகை சில நிமிடம் வரும். ஹைட்ராலிக் டாப்பெட்டுகள் தையல் மெஷின் போலத் தட்டும். ஆயில் பிரஷர் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் 850 ஆர்பிஎம்மில் விடுங்கள். கண் இருக்க வேண்டியது ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி மேல். அது பழுப்பேறியிருந்தால் எந்த நேரமும் பிளந்துவிடும், மாற்றிவிடுவதே மேல்.

பேட்டரி டிக்கியில் இருப்பது இன்னொரு தொல்லை. வாயு வெளியேறும் குழாயோடு கூடிய வகைதான் போட வேண்டும். சாதாரண பேட்டரியை வைத்தால் சார்ஜ் ஆகும்போது வரும் வாயு டிக்கிக்குள்ளேயே தேங்கும்.

இன்ஜின் ஓடிவிட்டது என்பதற்காகக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் உள்ள மழைநீர் வடிகால் அடைத்திருந்தால், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள 'சில்' (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு) பகுதி உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். அங்கே வெல்டிங் செலவு இன்ஜின் செலவைத் தாண்டும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது சகஜம், அது மலிவு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் மேல் வழியும் ஆயிலுக்கு விற்பவர் பின் ஆயில் சீலைக் காரணம் சொல்வார். முதலில் கேம் சென்சாரின் ஓ-ரிங்கை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பத்து வருடம் தாண்டியிருந்தால், கோடு தேயாமல் இருந்தாலும், டிரெய்லரில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.