ஈரப்பத க்ரீமுக்குத் தேங்காய் எண்ணெயா, சூரியகாந்தி எண்ணெயா?

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம். நிறைவுற்ற கொழுப்பே மிகுதி என்பதால் எளிதில் சிக்கு வாடை அடிக்காது, தோலின் மேல் படலமாகப் படிந்து நீரிழப்பையும் தடுக்கும். ஆனால் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும் இயல்புடையதால் (மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்), குளிரில் க்ரீம் இறுகக்கூடும். பருவுள்ள முகத்தில் துளைகளையும் அடைக்கலாம்.

சூரியகாந்தி எண்ணெய் மெல்லியது. அதன் வழக்கமான வகையில் மிகுந்துள்ள லினோலிக் அமிலம், தோலின் காப்பு அடுக்கிலுள்ள செராமைடுகள் (ஈரம் வெளியேறாமல் காக்கும் கொழுப்புகள்) உருவாகத் தேவைப்படும் மூலப்பொருள். ஆயினும் அதுவே காற்றுபட்டு விரைவில் கெடுவதால், தயாரிப்பாளர்கள் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள், அல்லது அவ்வளவு எளிதில் கெடாத ஒலிக் அமிலம் மிகுந்த ரகத்தை நாடுகிறார்கள். நாம் தேடிய லினோலிக் அமிலம் அந்த ரகத்தில் மிகக் குறைவு என்பதுதான் வேடிக்கை.

வெடித்த குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயையும், முகத்துக்குச் சூரியகாந்தி எண்ணெயையுமே நான் தேர்ந்தெடுப்பேன்.