கெட்ட குமாரனா, திராட்சத் தோட்டமா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து லயன் வீடுகளில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஜெபக்கூட்டம் நடத்துவோருக்கு ஒரு தடுமாற்றம் வருவதுண்டு: தேவகிருபையைப் பற்றிப் பேச இயேசு சொன்ன எந்த உவமையை எடுப்பது? சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்ட குமாரனின் கதையா, வெவ்வேறு நேரத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கும் ஒரே கூலி கொடுக்கும் திராட்சத் தோட்டக்காரரின் கதையா?

நீளம்: கெட்ட குமாரன் (லூக்கா 15) 22 வசனங்கள், திராட்சத் தோட்டம் (மத்தேயு 20) 16.

புரிதல்: முன்னது எவருக்கும் எட்டும். பின்னது, தேயிலை பறித்து எடை போட்டுக் கூலி வாங்குவோருக்கு உடனே உறைக்கும். மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுநாள் கூலி! அதுவரை ஏன் சும்மா நின்றான்? அவனை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை. ஒதுக்கப்பட்டவர்களின் துயரம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. தயவுசெய்து அதை அவசரமாகக் கடக்காதீர்கள்.

வரவேற்பு: இதில் கெட்ட குமாரன்தான் ஒரு படி மேல். மகன் வாய் திறக்கும் முன்பே தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். பன்றி மேய்த்தவனுக்கு மோதிரம், செருப்பு, விருந்து.

முணுமுணுப்பு: இரண்டிலும் உண்டு. முன்னதில் மூத்த மகன், பின்னதில் காலையிலிருந்து உழைத்தவர்கள்.

சபையை விட்டு விலகி, திரும்பிவர வெட்கப்படுபவர் வருகிறார் என்றால் லூக்காவை எடுங்கள். யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் வருகிறார்கள் என்றால் மத்தேயுதான். எந்தத் தவறும் செய்யாமல் ஒதுக்கப்பட்டவர்களிடம் ஊதாரி மகனின் கதையைச் சொல்வது அநியாயம்.