செரோக்கியின் ‘அ’: 68, 5024, 43888

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களில் ஒருவரான செக்குவோயா, 1821 அளவில் தம் மொழிக்கு வகுத்து முடித்த அசையெழுத்துகளில், ‘அ’ ஒலிக்கு உரியது அச்சில் ஆங்கில ‘டி’யை (D) போலவே இருக்கும். அந்த ஓர் எழுத்தைக் கணினியில் சேமிக்க மூன்று எண்கள் உண்டு. எதைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்தே, பின்னாளில் அந்த உரையைத் தேட முடிகிறதா என்பது அமையும்.

முதலாவது 68, அதாவது ஆங்கில ‘டி’யின் எண்ணே. ஒரே பைட்டில் அடங்கும், எல்லா விசைப்பலகையிலும் இருக்கும், கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் கணினிக்கு அது செரோக்கியே அல்ல என்பதால், அகரவரிசைப்படுத்தலோ தேடலோ நடக்காது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் செரோக்கி வடிவங்களைப் பொருத்திய பழைய எழுத்துருக்களுக்கும் இதே குறை உண்டு. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது 5024. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொது எண் வழங்கும் தரமான யூனிகோடு 1999இல் தன் 3.0 பதிப்பில் செரோக்கிக்குத் தனி இடம் ஒதுக்கியபோது கொடுத்த எண் இது. அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு பிடிக்கும் என்பது இன்றைய சேமிப்பகங்களில் பொருட்படுத்தத் தக்க செலவன்று. ஐபோன் 2010இலும் விண்டோஸ் 8 அதற்குப் பின் 2012இலும் செரோக்கியை ஏற்றது இந்த எண்வரிசையை நம்பித்தான். அப்போது செரோக்கியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு யூனிகோடில் இல்லை. வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாகக் காட்ட விரும்பியவர் எழுத்துருவின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, உரையை வேறிடத்தில் ஒட்டினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

அக்குறையைத் தீர்க்க 2015இல், யூனிகோடு 8.0 பதிப்பில், சிறிய எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் வந்தன. நம் ‘அ’வின் சிறிய வடிவம் 43888. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெரிய, சிறிய வேறுபாட்டைப் புறக்கணித்து ஒப்பிடும்போது பிற மொழிகளில் பெரிய எழுத்தே சிறியதாக மாற்றப்படும். ஆனால் ஒருமுறை அறிவித்த ஒப்பீட்டு விதியை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி. 5024 அதுவரை 5024ஆகவே ஒப்பிடப்பட்டு வந்ததால், செரோக்கியில் மட்டும் சிறியது பெரியதாக மாறுகிறது. பைத்தான் நிரல்மொழியில், சிறிய எழுத்தாக்கும் ‘லோயர்’ கட்டளை 5024ஐ 43888 ஆக்கும்; ஒப்பீட்டுக்கான ‘கேஸ்ஃபோல்டு’ கட்டளையோ 43888ஐ 5024 ஆக்கும். அட்டவணையை ஒன்றால் கட்டி, தேடுசொல்லை மற்றொன்றால் திருத்தினால், கண்முன் இருக்கும் சொல்லே அகப்படாது. விதியைக் காப்பாற்றியது சரியே என்றாலும், அதன் சுமை இறங்கியது நிரலாளர் தலையில்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தலைப்புகளைச் சிறிய எழுத்தாக்கும்படி வடிவமைத்த வலைப்பக்கத்தை, 2015க்கு முன் உருவான எழுத்துரு மட்டுமே உள்ள கணினியில் திறந்தால், சரியாகச் சேமித்த 5024கூட 43888ஆக மாறி வெற்றுக் கட்டமாகத் தெரியக்கூடும்.

அகராதி, பெயர்ப்பட்டியல், தேடத்தக்க ஆவணம் ஆகியவற்றுக்கு 5024 வரிசையையே நான் தேர்வேன்; நூல் பதிப்பிப்போர், முதலெழுத்து வேறுபாடு உரையிலேயே நிலைக்க வேண்டும் என்றால் 43888 வரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒப்பீடு எல்லாவற்றையும் ‘கேஸ்ஃபோல்டு’ வழியாகவே செய்யும் நிரல் கையில் இருந்தால்.