3.3 வோல்ட் சிப் என்று நம்பி வாங்கி 3,800 ரூபாய் போச்சு

நாலு நாள் ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

காய்கறி மண்டி எடை மெஷினின் ஆர்எஸ்-232 (பழைய வகை சீரியல்) கேபிளில் வரும் எடையை ஈஎஸ்பி32 என்ற சின்ன 3.3 வோல்ட் கன்ட்ரோலர் போர்டில் படிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சிக்னல் வோல்டேஜை மாற்றித் தரும் சிப் மாட்யூல் தேவை. ஐந்து செட். உதிரிபாகம் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "மேக்ஸ்3232 தானே அண்ணா? 3.3 வோல்ட்டில் ஓடணும். மேக்ஸ்232 வேண்டாம், அது 5 வோல்ட் கேட்கும்."

"தைரியமா எடுங்க தம்பி, நானே டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறேன்."

இவ்வளவு விவரமாகக் கேட்டும் இப்படிச் சொல்கிறாரே என்று நம்பினேன். பத்து மாட்யூல், 1,300 ரூபாய்.

3.3 கொடுத்தால் எடைக்குப் பதில் குப்பை எழுத்து. பாட் ரேட்டை (டேட்டா வேகத்தை) மாற்றி மாற்றி இரண்டு நாள் வீண். போன் செய்தேன். "5 வோல்ட் கொடுங்க தம்பி, ஈஎஸ்பிக்கு ஒண்ணும் ஆகாது." கொடுத்தேன், எடை சரியாக வந்தது. ஐந்தையும் ஓடவிட்டுப் படுத்தேன். டேட்டா வராத நேரத்தில் அந்தச் சிப்பின் வெளியீடு 'ஹை'யிலேயே நிற்கும். ராத்திரி முழுக்க 5 வோல்ட், 3.6-க்கு மேல் தாங்காத ஈஎஸ்பி பின்னில்! காலையில் மூன்று போர்டில் ஆர்எக்ஸ் பின் (டேட்டா வாங்கும் கால்) செத்திருந்தது. மற்ற இரண்டும் தொட முடியாத சூடு.

அப்புறம்தான் சிப்பின் 2ஆம் பின்னில் (சிப் தானே உயர்த்தும் வோல்டேஜ் வரும் கால்) மீட்டர் வைத்தேன். 9 வோல்ட். நிஜ 3232 என்றால் 5 வோல்ட் கொடுத்தாலும் அங்கே 5.5 பக்கம்தான் காட்டும். லென்ஸில் பார்த்தால், மேலே சுரண்டிவிட்டுப் புதிதாக எழுத்து அடித்திருக்கிறார்கள். மேக்ஸ்232-ஐத்தான் 3232 என்று விற்றிருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டேன்.

"கனெக்‌ஷன் தப்பா கொடுத்திருப்பீங்க சார்." தம்பி போய் சார் வந்துவிட்டது. மறுநாள், "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" அதற்கடுத்த நாள், "சப்ளையர்கிட்ட கேட்கிறேன்." இப்போது நீல டிக் மட்டும்தான்.

மாட்யூல் 1,300, போர்டு 2,400, கூரியர் 100. மொத்தம் 3,800 ரூபாய், ஒரு பொய்யால்.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மாட்யூல் வந்ததும் ஈஎஸ்பியை இணைக்காமல், 5 வோல்ட் மட்டும் கொடுத்து 2ஆம் பின்னை அளந்துவிடுங்கள். 232தான் கையில் இருக்கிறது என்றால் ஆர்எக்ஸ் வழியில் 1கே, ஆர்எக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2கே ரெசிஸ்டர் போட்டு 5-ஐ 3.3 ஆக்குங்கள். ஆர்எஸ்-485 (இன்னொரு வகை சீரியல் இணைப்பு) மாட்யூல் வாங்குபவர்களும் கவனம்: மேக்ஸ்485 5 வோல்ட்டுக்கானது, 3.3-க்கு மேக்ஸ்3485. பார்சலைக் கண்டிப்பாக வீடியோ எடுத்துப் பிரியுங்கள்.