கேற் மோட்டாரின் போர்ட் எரிந்துவிட்டது என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஆறு வீடுகள், வாசலில் மோட்டார் பூட்டிய ஒரு கேற். போன மாதம் நான் வாங்கிய பழைய ஐரோப்பியக் காரில், பின்பார்வைக் கண்ணாடியின் அடியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. ஹோம்லிங்க் என்பார்கள். ரிமோட் இல்லாமலே காருக்குள் இருந்து கேற்றைத் திறக்கலாம். மழையில் பைக்குள் துழாவத் தேவையில்லையே என்ற சபலம்தான் என்னை மாட்டிவிட்டது.

தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு தொழில்நுட்பக்காரர் வந்தார். கூலி 7,500 ரூபாய். என் ரிமோட்டைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து இரண்டின் பொத்தான்களையும் அழுத்தினார். சின்ன விளக்கு வேகமாக மின்னியது. கேற் அசையவில்லை. அதுவரை அவர் மீது பிழை இல்லை. எங்கள் ரிமோட், அழுத்தும் ஒவ்வொரு முறையும் அனுப்பும் குறியீடு மாறும் வகை. காருக்கு ரிமோட்டைக் காட்டினால் போதாது. மோட்டாருக்கும் காரை அறிமுகப்படுத்த வேண்டும். அதற்காக மோட்டார்ப் பெட்டிக்குள் 'லேர்ன்' பொத்தான் இருக்கிறது.

"வெயிலில் ஏன் நிற்கிறீர்கள் ஐயா, மேலே போய் இருங்கள்" என்றார். போய்த் தேநீரும் குடித்தேன், மடையன்.

இறங்கி வந்தபோது ஒரு வீட்டு ரிமோட்டும் வேலை செய்யவில்லை. "பழைய போர்ட், எரிந்துவிட்டது" என்று, மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையைக் காட்டி முகத்தைத் தொங்கப் போட்டார். அதற்குப் பதிலாக, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ஒரு ரிசீவர், 12 புது ரிமோட்டுகள், எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் வீதியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார்கள். மேல்மாடி அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் பேரம் பேசவும் வாய் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்துக் கனடாவிலிருந்து வந்த அக்காவின் மகன் பிளாஸ்டிக் கதிரையில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். புது ரிசீவரிலிருந்து இரண்டே இரண்டு வயர்கள், அதே பழைய போர்ட்டுக்குத்தான் போயிருந்தன. "மாமா, போர்ட் எரிந்திருந்தால் இப்போது கேற்றைத் திறப்பது யார்?" என்றான். லேர்ன் பொத்தானை ஒருமுறை தட்டி, என் பழைய ரிமோட்டை அழுத்தினான். கேற் முனகிக்கொண்டு நகர்ந்தது.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டு, அரை நிமிடத்துக்குள் கார்ப் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தினால் வேலை முடிந்திருக்கும். விடாமல் அழுத்திப் பிடித்தாலோ, பதிந்திருக்கும் ரிமோட்டுகள் அத்தனையும் அழிந்துவிடும். "அவர் விளக்கு அணையும்வரை விரலை எடுக்கவேயில்லை" என்று காவலாளி இப்போது சொல்கிறார்.

அந்தத் தொழில்நுட்பக்காரர் விற்ற ரிமோட்டுகளோ குறியீடு மாறாதவை. அவற்றைப் பிரதியெடுக்கும் மலிவு ரிமோட் ஒன்று கையில் இருந்தால் எவனும் எங்கள் கேற்றைத் திறக்கலாம். ஆகவே ரிசீவரைக் கழற்றினோம். அவர் தனக்கென்று ஏதாவது பதிந்து வைத்திருந்தால் அதுவும் போகட்டும் என்று, அதே பொத்தானை நானே அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு ஆறு வீட்டாரும் பழைய ரிமோட்டுகளுடன் வரிசையில் நின்றார்கள்.

பழைய கார் வாங்கியவர்கள் கண்ணாடியின் இரு ஓரப் பொத்தான்களையும் சேர்த்து, விளக்கு வேகமாக மின்னும்வரை பிடியுங்கள். முந்தைய சொந்தக்காரரின் பதிவு அழியும். சிலவற்றில் 20 விநாடி எடுக்கும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று அன்ரி சொன்னார். பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். நான் வாங்கவில்லை. அந்த மனிதர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. 12 ரிமோட்டுகளும் என் மேசை லாச்சியில் கிடக்கின்றன.